98 செ.மீ. பொண்ணும் தீம் பார்க்கும்

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து சகலை குடும்பம் தோட்டத்துக்கு வந்திருந்தது. அவங்க பையனுக்கு அஞ்சு வயசு. மாடு கன்னெல்லாம் புத்தகத்துல பாத்ததோட சரி. கார்ல இருந்து இறங்கினதும் சகலை செல்போனை எடுத்துக்கிட்டு, "போடா கண்ணா, கன்னுக்குட்டிய தொடு, அப்பா போட்டோ எடுக்கறேன்"னு பையனைக் கட்டுத்தறிக்குள்ள தள்ளிவிட்டார். கன்னு பிறந்து அப்போ இருபது நாள்தான். புது ஆளைப் பாத்து அது ஒரு துள்ளு துள்ளுச்சு. பையன் அலறிட்டு ஓடி அவங்க அம்மா காலைக் கட்டிக்கிட்டான். அப்புறம் ரெண்டு நாளும் கட்டுத்தறிப் பக்கமே வரல. "இதுக்காகவா இத்தனை தூரம் கார் ஓட்டிக்கிட்டு வந்தேன்"னு சகலை சலிச்சுக்கிட்டார்.

நான் வெளியே ஒண்ணும் சொல்லல. ஒறம்பரையா வந்தவங்களை என்ன சொல்றது? ஆனா மனசுக்குள்ள சிரிச்சேன். பாவம், டவுன் மனுசங்க, குழந்தையை விட்டுப் பிடிக்கத் தெரியலன்னு நினைச்சேன். அந்தச் சிரிப்புக்கு மே மாசம் எனக்குப் பதில் கிடைச்சுது.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அந்தப் பையன் எங்க பாப்பாகிட்ட ஒரு கதையை விட்டுட்டுப் போயிட்டான். அவங்க ஊர் தீம் பார்க்ல பெரிய நீலக் குழாய் இருக்குதாம். மேல ஏறி அதுக்குள்ள உக்காந்தா வளைஞ்சு வளைஞ்சு வந்து தண்ணிக்குள்ள தொப்புனு விழலாமாம். பாப்பாவுக்கு நாலு வயசு. அன்னையிலிருந்து தினமும் சோறுண்ணும்போது அந்தப் பேச்சுதான். "அப்பா, அந்த நீலக் கொழாய் எப்பப்பா?"

டவுன்ல இருக்கற சிநேகிதங்ககிட்ட இதைச் சொன்னா எல்லாரும் ஒரே மாதிரி கேக்கறாங்க. "உங்க ஊர்லதான் வாய்க்கால் இருக்கு, வயல் இருக்கு, மரம் இருக்கு. அதைவிடவா ஒரு தீம் பார்க்?" இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் எரிச்சலாத்தான் இருக்கும். எங்க கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் நீளம், ரெண்டு லட்சம் ஏக்கர் பாயுது, எல்லாம் சரி. மே மாசத்துல வந்து பாருங்க, அதுல கோழி மேஞ்சுட்டு இருக்கும். அப்படியே தண்ணி ஓடினாலும் எங்க பாப்பாவுக்கு அது வேடிக்கை இல்லீங்க. பிறந்ததுலருந்து பாக்கறது. உங்க பசங்களுக்கு மாடு எப்படியோ, எங்க பசங்களுக்கு நீலக் குழாய் அப்படி. கிராமத்துப் பிள்ளைங்க மண்ணுல விளையாடினாப் போதும், பளபளப்பெல்லாம் எதுக்குன்னு சொல்றது, எங்க பிள்ளைங்களை உங்க போட்டோவுக்குள்ள நிக்க வைக்கற மாதிரிதான்.

வேடிக்கையும் விளையாட்டும் எங்களுக்குப் புதுசும் இல்ல. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் நோம்பிக்குக் குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தை பாக்கன்னு ஜனம் குவியும்ல, அங்க ராட்டினம் இல்லாம இருந்ததே இல்ல. எங்க அப்பாரு தோள்ல உக்காந்து போய், நாலு பொட்டி மாட்டிக் கையில சுத்தற மரத் தூரியில நான் ஏறியிருக்கேன். இப்போ கரண்டுல ஓடற ராட்சசத் தூரி. 1893ல சிகாகோ கண்காட்சிக்காக ஃபெர்ரிஸ்ங்கற இன்ஜினியர் 264 அடி உயரத்துக்கு ஒண்ணு செஞ்சாராம், அதோட பேரன் பேத்திங்கதான் எங்க நோம்பிக்கு வர்றதெல்லாம்.

சரி, போறதுன்னு முடிவாச்சு. மஞ்சள் வித்த காசு கொஞ்சம் கையில இருந்துது. ஆனா பண்ணையம் பாக்கறவன் ஒரு ராத்திரி வெளியே தங்கறதுங்கறது சும்மா இல்ல. ரெண்டு மாடு கறவை. வெடியால அஞ்சரைக்குச் சொசைட்டிக்குப் பால் போயாகணும். மச்சானை வந்து இருக்கச் சொன்னேன். ஒரு மாடு புதுக் கைக்குப் பால் விடாது. அதுக்காக என் அழுக்குச் சட்டையைப் போட்டுக்கிட்டு ரெண்டு நாள் முன்னாடியிலிருந்தே அவன் என் பக்கத்துல உக்காந்து கறந்து பழகினான். மாட்டுக்கு இவ்வளவு யோசிச்ச நான், கூட்டிட்டுப் போற குழந்தைக்கு என்ன பழக்கினேன்? ஒண்ணுமில்ல. புது டிரஸ் வாங்கிக் குடுத்தேன். அதுவும் காட்டன்.

வாசல்லயே அது ஆகாதுன்னுட்டாங்க. தண்ணி விளையாட்டுக்கு நைலான் துணிதான் போடணும், பருத்தி நூல் பிரிஞ்சு போய் வடிகட்டியில அடைச்சுக்குமாம். நியாயந்தான், எங்க சொட்டுநீர் ஃபில்டரே தூசி அடைச்சா என்ன பாடு படுத்துதுன்னு எனக்குத் தெரியும். மூணு பேருக்கும் அங்கேயே நைலான் உடுப்பு வாங்கினோம். என் வீட்டுக்காரம்மா அந்த மாதிரி உடுப்பை வாழ்க்கையில போட்டதில்ல. துண்டை இழுத்து இழுத்துப் போத்திக்கிட்டு அரை மணி நேரம் ஒரு மூலையில உக்காந்திருந்துச்சு. அப்புறம் பாத்தா அவங்க மாதிரியே துண்டு போத்தின நாலு பேர் அங்க உக்காந்து, எந்த ஊரு, என்ன வெள்ளாமைன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. எங்க மூணு பேர்ல அன்னைக்கு நல்லா விளையாடினது கடைசியில அவங்கதான். அது தனிக் கதை.

ரயில், ரூம், டிக்கெட், உடுப்பு, சாப்பாடு எல்லாம் சேத்து 11,000 ரூபாயை ஒட்டி வந்துருச்சு. ரெண்டு மாட்டுப் பால் பணம் ஒரு மாசத்துக்கு வர்றதுல முக்காவாசி. இந்தக் கணக்கை நான் அன்னைக்குப் பூரா மறக்கல. தப்பே அங்கதான்.

நீலக் குழாய்கிட்ட போனோம். பாப்பா சொன்ன மாதிரியே இருந்துச்சு. கீழே ஒரு தம்பி உயரம் அளக்கற கம்பத்துக்குப் பக்கத்துல நின்னான். பாப்பாவை நிக்க வெச்சான். 98 சென்டிமீட்டர். "120 வேணும்ங்க சார்." நான் கெஞ்சிப் பாத்தேன், மடியில வெச்சுக்கறேன்னேன். அந்தத் தம்பி சிரிச்சுக்கிட்டே தலையை ஆட்டினான், அவ்வளவுதான். அப்போ எனக்கு அவன் மேல கோபம். இப்போ நினைச்சாப் பெரிய மரியாதை. அன்னைக்கு அந்த இடத்துல குழந்தையைக் குழந்தையா பாத்த ஒரே ஆள் அவன்தான். பாப்பா கம்பத்தை அண்ணாந்து பாத்துட்டு, "இன்னும் எத்தனை சோறுண்ணோணும்ப்பா?"ன்னு கேட்டா. பெண் குழந்தைங்க 120 செ.மீ. எட்டறதுக்குச் சராசரியா ஏழு வயசு ஆகும். இதைக் கிளம்பறதுக்கு முன்னாடியே ஒரு டேப்பை எடுத்து அளந்து பாத்திருக்கலாம். மஞ்சக் கெழங்குக்குப் பாருக்குப் பார் அளந்து நடறவன்தான் நானும்.

கொஞ்ச நேரம் அழுதா. அப்புறம் குழந்தைங்களுக்குன்னு இருக்கற கணுக்கால் தண்ணித் தொட்டிக்குப் போனோம். அங்க மேலே ஒரு பெரிய பக்கெட். சொட்டுச் சொட்டா நிறைஞ்சு, நிறைஞ்சதும் தானே கவுந்து கொட்டும். பாப்பா அதைப் பாத்தவ அங்கேயே உக்காந்துட்டா. முதல்ல தூரத்துல. நாலு தடவை கொட்டினப்புறம் கொஞ்சம் கிட்ட. பக்கெட் சாயும்போது காதைப் பொத்திக்குவா, கொட்டினதும் சிரிப்பா. ஒரு மணி நேரம் இதேதான். பக்கத்துல யாரோ ஒரு குழந்தையோட சேந்து "இப்ப விழும், இப்ப விழும்"னு கத்திட்டு இருந்தா. நீலக் குழாயையே மறந்துட்டா.

எனக்குத்தான் பொறுக்கல. 11,000 ரூபாய் செலவு பண்ணி, மச்சானுக்கு அழுக்குச் சட்டை மாட்டி விட்டு, ரயிலேறி வந்து, ஒரு பக்கெட்டைப் பாக்கறதா? பக்கெட் நம்ம மோட்டார் தொட்டியில இல்லையா? மணி ரெண்டு ஆச்சு, இன்னும் பாதிகூடப் பாக்கல. "வா கண்ணு, அப்பா கடல் காட்டறேன்"னு தூக்கிக்கிட்டு அலைக்குளத்துக்குப் போனேன். வரமாட்டேன்னு திமிறினா. "பழகிரும் பழகிரும்"னு இடுப்பளவு தண்ணிக்குப் போயிட்டேன்.

அலைக்குளம் பாக்காதவங்களுக்குச் சொல்றேன். கடற்கரை மாதிரியே தரை சரிவா ஆழமாகிட்டே போகும். ஆழமான பக்கம் மெஷின் இருக்கு. சைரன் ஊதிட்டு அலை விட ஆரம்பிப்பாங்க. அந்தச் சைரன் நான் எதிர்பாக்காதது. பாப்பா வெறச்சுட்டா. கூட்டம் "ஓ"ன்னு கத்துச்சு. முதல் அலையை நான் முதுகுல வாங்கினேன். ரெண்டாவது அலை என் தோளைத் தாண்டிப் பாப்பா முகத்துல அடிச்சுது. நான் பிடியை விடல. ஆனா மூக்குலயும் வாயிலயும் தண்ணி போயிருச்சு. மூச்சு வாங்க ரெண்டு மூணு நொடிதான் இருக்கும், எனக்கு அது எவ்வளவு நீளம்னு சொல்லத் தெரியல. கரைக்கு வந்தப்புறம் அவ அழக்கூட இல்ல. என் சட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நடுங்கிட்டே இருந்தா. மீதி நாள் பூரா அவங்க அம்மா மடியை விட்டு இறங்கல. பக்கெட்கிட்டக்கூடப் போகல.

இதோட முடிஞ்சிருந்தா நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

ஊருக்கு வந்ததுக்கப்புறம் தலைக்குத் தண்ணி ஊத்த விடமாட்டேங்கறா. முன்னாடியெல்லாம் மோட்டார் போட்டா முதல் ஆளா தொட்டிகிட்ட நிக்கறவ, இப்போ மோட்டார் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள்ள ஓடறா. எங்க ஆத்தா சொன்னாங்க, "தண்ணின்னா பயந்துக்கிட்டா நல்லதுதானப்பா, கெணத்துப் பக்கம் போகமாட்டா." கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்க தோட்டத்துல 70 அடிக் கிணறு. வீட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு தென்னை வரிசைதான். நாலு வயசுல பயம் இருக்கும். எட்டு வயசுல சேக்காளிங்களோட சேந்தா அந்தப் பயம் நிக்குமா? நீச்சல் மட்டும் வந்திருக்காது. கிணத்துலயும் வாய்க்கால்லயும் போன குழந்தைங்களை எங்க பக்கத்து ஊருங்கள்ல பாத்திருக்கோம். அதனாலதான் இங்க அஞ்சாறு வயசுலேயே பிள்ளைங்களைத் தண்ணியில இறக்கிப் பழக்குவோம். எங்க காலத்துல காய்ஞ்ச சுரைக்குடுக்கையை முதுகுல கட்டி விட்டாங்க. இப்போ பிளாஸ்டிக் கேன். பாப்பாவுக்கு இந்த வருசம் ஆரம்பிக்கலாம்னு இருந்தேன். ஒரு நாள் பொறுக்காததுக்கு அதைத் தள்ளிப் போட வேண்டியதாப் போச்சு.

அப்போதான் சகலை நினைப்பு வந்துச்சு. அவர் கன்னுக்குட்டிகிட்ட பையனைத் தள்ளினதுக்கும் நான் பண்ணினதுக்கும் என்ன வித்தியாசம்? அவருக்குப் பெட்ரோல் கணக்கு, எனக்கு டிக்கெட் கணக்கு. சொல்லப்போனா அவர் பண்ணினது சின்னத் தப்பு. கன்னு துள்ளும், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்துல இந்தத் தீம் பார்க் எல்லாம் எப்படி ஆரம்பிச்சுதுன்னு செல்போன்ல படிச்சுட்டு இருந்தேன். வால்ட் டிஸ்னி தன் ரெண்டு பொண்ணுங்களை லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கற கிரிஃபித் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போவாராம். பொண்ணுங்க குதிரை ராட்டினத்துல சுத்துவாங்க. இவர் பெஞ்ச்ல தனியா உக்காந்து கடலைக்கொட்டை தின்னுட்டு இருப்பாராம். பெத்தவங்களும் குழந்தைங்களும் சேந்து விளையாடற மாதிரி ஒரு இடம் இருந்தா என்னன்னு அங்கதான் தோணுச்சாம். அப்படி வந்ததுதான் டிஸ்னிலேண்ட். 1955 ஜூலை 17ல திறந்தாங்க. எங்க பவானிசாகர் அணை கட்டி முடிச்சதும் அதே 1955தான். டிஸ்னிலேண்ட் கட்டின 160 ஏக்கரும் முன்னாடி ஆரஞ்சும் வால்நட்டும் விளைஞ்ச தோட்டங்களாம். அந்த இடத்தைப் படிக்கும்போது ஒரு வெவசாயியா எனக்குக் கொஞ்சம் வயிறு கலங்குச்சு, அது இருக்கட்டும்.

டிஸ்னி யோசிச்சது தப்புன்னு நான் சொல்ல வரல. அப்பனும் ஆத்தாளும் பிள்ளைங்களோட சேந்து சிரிக்க ஒரு இடம் வேணும்தான். ஆனா நாலு வயசுக் குழந்தைக்கு முதல் தடவை போகும்போது, அவர் வேண்டாம்னு எழுந்து வந்த அந்த பெஞ்ச்தான் சரியான இடம்னு எனக்குத் தோணுது. குழந்தை எங்க நிக்குதோ அதுக்குப் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கறது. பக்கெட்டைப் பாத்தா பக்கெட்டைப் பாக்கறது. தண்ணின்னா மட்டும் பெஞ்ச் கதை ஆகாது. கணுக்கால் தண்ணியா இருந்தாலும் கை எட்டற தூரத்துல, அதே தண்ணிக்குள்ள நாமளும் உக்காந்திருக்கணும், செல்போன் லாக்கர்ல இருக்கணும்.

காளைக்கன்னைப் பழக்கறவங்க முதல் நாளே வண்டியில பூட்டமாட்டாங்க. வெறும் நுகத்தைத் தொட்டுக் காமிப்பாங்க, பழகின மாட்டோட சும்மா நடக்க விடுவாங்க, பாரமில்லாம இழுக்க விடுவாங்க. எத்தனை நாள்னு கன்னுதான் சொல்லும். அலைக்குளத்துல நான் அதைத்தான் பண்ணியிருக்கணும். முதல் சைரனை வெளியே நின்னு கேக்க விட்டிருக்கணும். ரெண்டு தடவை அலை வந்து போறதைப் பாக்க விட்டு, அப்புறம் அவளே கேட்டா கால் நனையற இடம். கேக்கலன்னா பக்கெட்டுக்கே திரும்பிப் போயிருக்கணும்.

இதையெல்லாம் சொன்னப்போ வீட்டுக்காரம்மாகிட்ட நான் ஒரு நியாயம் பேசினேன். "காசு இருக்கறவங்க வருசத்துக்கு மூணு தடவை போவாங்க, பொறுமையா இருக்கலாம். நமக்கு ஒரே தடவை. எல்லாத்தையும் பாத்துரணும்னுதானே தோணும்?" அவங்க மாட்டுக்குத் தட்டு போட்டுக்கிட்டே சொன்னாங்க: "அப்ப ஏனுங்க நாலு வயசுல கூட்டிட்டுப் போனீங்க? ஒரே தடவைன்னா ஏழு வயசுல போயிருக்கலாமுல்ல?" அதுக்கு எங்கிட்ட பதில் இல்லீங்க. இன்னைக்கும் இல்ல.

அதனால என் அபிப்பிராயம் இதுதான். கைப்பணம் ஒரு தடவைக்குத்தான் இருக்குதுன்னா, பிள்ளை 120 எட்டற வரைக்கும் பெரிய பார்க்கைத் தள்ளிப் போடுங்க. அதுவரைக்கும் சின்ன டிக்கெட் இடங்களுக்குப் போங்க. எங்களுக்குப் பவானிசாகர் அணைப் பூங்கா இருக்கு. ஊஞ்சலும் சறுக்கும் இருக்கு. வெளியே வறுத்த மீன் வாசம். பிள்ளை பத்து நிமிசத்துல போலாம்னாலும் மனசு அடிச்சுக்காது, கிளம்பிரலாம். இல்ல, குழந்தை சின்னதா இருக்கும்போதே பெரிய பார்க்குக்குப் போகணும்னா, டிக்கெட் வாங்கின நிமிசமே அந்தக் காசைச் செத்த காசுன்னு தலை முழுகிருங்க. பாதி நாள்ல தூக்கம் வந்தா ரூமுக்குத் திரும்பிருங்க. மீதிப் பாதி வீணாப் போகட்டும். எங்களுக்கு வீணாகாம போன அந்த மீதிப் பாதிதான் இத்தனை பாடு படுத்துச்சு.

உங்களுக்கு, அதாவது தோட்டம் பாக்க வர்ற டவுன்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன். இப்போ பண்ணைச் சுற்றுலா நடக்கற இடமெல்லாம் இதே கதைதான் பாக்கறேன். சேத்துல இறங்கு, ஆட்டைத் தூக்கு, டிராக்டர்ல ஏறு, சீக்கிரம், மூணு மணிக்குக் கிளம்பணும். எங்க தோட்டமும் உங்க பிள்ளைக்கு ஒரு தீம் பார்க்தான், நான் ஒண்ணும் தப்பா நினைக்கல. ஆனா அது திண்ணையிலேயே உக்காந்து எறும்பைப் பாத்துக்கிட்டிருந்தா அப்படியே விட்டுருங்க.

தீபாவளிக்குச் சகலை மறுபடி வந்தார். இந்தத் தடவை நான் முன்னாடியே சொல்லிட்டேன், பையன்கிட்ட கன்னைப் பத்தி யாரும் வாய் திறக்கக்கூடாதுன்னு. கன்னும் இப்போ பத்து மாசம், நல்லா வளர்ந்துருச்சு. பையன் முதல் நாள் வாசல்லயே நின்னான். ரெண்டாவது நாள் வெடியால நான் பால் கறக்கும்போது எட்டிப் பாத்தான். மத்தியானம் ஒரு நீளச் சோளத்தட்டை எடுத்து, கை எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீட்டி, அந்தக் கோடியிலிருந்து கன்னுக்குக் குடுத்தான். தொடல. அதைப் பாத்துப் பாப்பாவுக்குப் பெருமை தாங்கல, "அது கடிக்காதுடா, வெறும் நாக்குதான்"னு கூடவே நின்னா.

அவ விசயத்துல, ரெண்டு மாசமா மோட்டார் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு பழைய பெயின்ட் பக்கெட்டைக் கயித்துல கட்டித் தொங்க விட்டிருக்கேன். அடியில ஓட்டை இல்ல, குழாய்த் தண்ணி சொட்டி நிறைஞ்சதும் சாயற மாதிரி ஒரு பக்கமா கல்லு கட்டியிருக்கு. முதல்ல வேப்பமரத்தடியிலிருந்து பாத்தா. போன வாரத்துலருந்து தொட்டித் திட்டுல உக்காந்து கால் ரெண்டையும் தண்ணிக்குள்ள விட்டுக்கறா. நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன். தலைக்கு ஊத்திக்கறது இன்னும் தகராறுதான். கேனை எடுத்து வெச்சிருக்கேன், அவசரமில்ல.

கதவு நிலையில பென்சில்ல கோடு போட்டு வெச்சிருக்கோம். நேத்து அளந்தோம். 101.